நிறமும் நெறியும்: செயற்கை உணவுச் சாயங்கள் குறித்து ஒரு ஃபிக்ஹுப் பார்வை

உண்ணும் பொருள் ஹலாலா, ஹராமா என்று கேட்டறிவது முஸ்லிமின் அன்றாடக் கடமை. ஆனால், அந்த வினாவை எந்த இடத்தில் எழுப்புவது என்பதும் ஒரு கல்வியே. அக்கல்வியை நான் கிதாபுகளிலிருந்து மட்டும் பெறவில்லை. ஒரு மிட்டாய் வியாபாரியிடமிருந்தும் பெற்றேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, ஜுமுஆ தொழுகை முடிந்ததும் ஓர் அன்பர் நகலெடுத்த தாள் ஒன்றை என் கையில் தந்தார். உணவுப் பொருள்களின் உறைகளில் காணப்படும் எண்கள் அதில் வரிசையாக இருந்தன. சிலவற்றின் எதிரே 'ஹராம்' என்றும், சிலவற்றின் எதிரே 'சந்தேகம்' என்றும் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் யார், ஆதாரம் எது என்ற குறிப்பு எதுவும் இல்லை. அடுத்த வாரம் பயான் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது அந்தத் தாளை அப்படியே வாசித்தேன். சாயம் கலந்த தின்பண்டங்களை அறவே தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று என் பங்குக்கும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து, எங்கள் மதரஸாவின் வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்து மிட்டாய் விற்றுவந்த பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஸலாம் சொல்லிவிட்டு, "ஹஜ்ரத், என் மிட்டாயில் என்ன சேர்க்கிறேன் என்று நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். வியாபாரம் பாதியாகக் குறைந்துவிட்டிருந்தது. அவர் தம்முடன் இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று, அச்சிட்ட சிறு டப்பாவில் இருந்த மஞ்சள் பொடி. அதன் மேல் டார்ட்ரசின் என்ற பெயரும் 102 என்ற எண்ணும் இருந்தன. மற்றொன்று, செய்தித்தாளில் மடித்த ரோஜா நிறப் பொடி. அதில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. நான் என் தாளை எடுத்துப் பார்த்தேன். 102-க்கு எதிரே 'சந்தேகம்' என்றிருந்தது. மஞ்சள் பொடியைப் பற்றியே அவரிடம் நெடுநேரம் பேசினேன். ரோஜாப் பொடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதற்குத்தான் தாளில் எண் இல்லையே!

அந்த இரண்டு பொட்டலங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அடிப்படை விதி

படைக்கப்பட்ட பொருள்களில் அடிப்படை, அனுமதியே ஆகும். பூமியில் உள்ள அனைத்தையும் அல்லாஹ் மனிதர்களுக்காகவே படைத்தான் என்னும் கருத்துடைய அல்பகரா அத்தியாயத்தின் 29-ஆம் வசனத்திலிருந்து சட்ட அறிஞர்கள் இவ்விதியை எடுத்துரைத்தனர். எனவே, ஒன்றை ஹராம் என்பவர்தாம் ஆதாரம் கொண்டுவரவேண்டும். ஹலால் என்று உண்பவர் அல்லர். தாமாகத் தம் நாவினால் 'இது ஹலால், இது ஹராம்' என்று புனைந்துரைப்பதை அன்னஹ்லு அத்தியாயத்தின் 116-ஆம் வசனம் கடுமையாக எச்சரிக்கிறது. ஹராமை ஹலாலாக்குவது எவ்வளவு பெரிய துணிச்சலோ, ஹலாலை ஹராமாக்குவதும் அவ்வளவு பெரிய துணிச்சலே. பேணுதல் என்ற பெயரில் நாம் பலமுறை இரண்டாவதைச் செய்துவிடுகிறோம்.

ஓர் உணவுப் பொருள் விலக்கப்படுவதற்கு மூன்று வாயில்களைச் சட்ட நூல்களில் காண்கிறோம். ஒன்று, அப்பொருள் தன்னளவில் அசுத்தமாகவோ (நஜீஸ்) விலக்கப்பட்டதாகவோ இருத்தல். இரண்டு, அது தூய்மையானதாயினும் உடலுக்கோ அறிவுக்கோ தீங்கு (ளரர்) விளைவித்தல். மூன்று, பொருள் குற்றமற்றதாயினும் அதைக் கொண்டு ஏமாற்றுதல் (கிஷ்ஷு) நிகழ்தல். மூன்றாவதில் விலக்கப்படுவது பொருளன்று, செயலே. சாயங்களைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் முதல் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. மற்ற இரண்டிலும் நுழைந்து பார்த்தால்தான் முழு உருவம் தெரியும்.

சாயத்தின் பிறப்பு

1856-இல் இலண்டனில் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்றார். மருந்து கிட்டவில்லை, ஊதா நிறச் சாயம் ஒன்று கிட்டியது. நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த அனிலின் என்னும் பொருளே அதற்கு மூலம். அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான சாயங்கள் ஆய்வுக்கூடங்களில் பிறந்தன. துணிக்கென ஆக்கப்பட்ட அவை விரைவிலேயே வெண்ணெயிலும் மிட்டாயிலும் நுழைந்தன. எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கலாகாது என்ற வரையறை பின்னரே வந்தது. அமெரிக்காவில் 1906-இல் உணவுத் தூய்மைச் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு ஏழு சாயங்கள் மட்டும் உணவுக்கு ஏற்றவையெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன.

இன்று மூலப்பொருள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கிறது. இந்தியாவில் 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் எட்டுச் செயற்கைச் சாயங்களைப் பெயர் குறிப்பிட்டு அனுமதித்தன. சிவப்பில் பொன்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின். மஞ்சளில் டார்ட்ரசின், சன்செட் எல்லோ. நீலத்தில் இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் புளூ. பச்சையில் ஃபாஸ்ட் கிரீன். பொதுவான உச்ச அளவு, ஒரு கிலோ உணவுக்கு 100 மில்லிகிராம். அதுவும் எல்லா உணவுகளுக்கும் அன்று. ஐஸ்கிரீம், பிஸ்கட், கேக், மிட்டாய், ஜெல்லி முதலிய பட்டியலிட்ட வகைகளுக்கு மட்டுமே.

முதல் வினா: தூய்மை

பெட்ரோலியம் நிலத்திலிருந்து ஊறிவரும் கனிமம். அரபு நூல்களில் 'நஃப்து' என்று வழங்கும் அதைச் சட்ட அறிஞர்கள் கந்தகம் போன்ற கனிமங்களோடு சேர்த்தே எண்ணினர். அது பண்டைக் கடல் நுண்ணுயிர்களின் எச்சத்திலிருந்து உருவானது என்று அறிவியல் கூறுவதால், செத்தவற்றின் எச்சம் தூய்மையாகுமா என்று சிலர் ஐயுறுவதுண்டு. கடலின் நீர் தூய்மையானது, அதில் இறந்தவை ஹலாலானவை என்னும் பொருளுடைய நபிமொழியை அறிந்தவர்க்கு இந்த ஐயம் நீடிக்காது. மேலும், பல கோடி ஆண்டுகளில் அப்பொருள் தன் பெயரையும் பண்பையும் முற்றாக இழந்துவிட்டது.

இங்கே 'இஸ்திஹாலா' எனப்படும் தன்மை மாற்றம் பற்றிய விவாதத்தைச் சுருக்கமாக நினைவுகூர்வது நன்று. உப்புச் சுரங்கத்தில் விழுந்த கழுதை காலப்போக்கில் உப்பாகவே மாறிவிட்டால், அந்த உப்பு தூய்மையானது என்பது இமாம் முஹம்மது ஷைபானீ (ரஹ்) அவர்களின் கருத்து. ஹனஃபீ மத்ஹபில் தீர்ப்பு இதன்மீதே அமைந்துள்ளது. ஷாஃபிஈ மத்ஹபிலோ இவ்வாயில் குறுகியது. மது வேறொன்றும் சேர்க்கப்படாமல் தானே காடியாக மாறுதல், தோல் பதனிடப்படுதல் போன்ற சிலவற்றை மட்டுமே அது ஏற்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபீ மத்ஹபும் பின்பற்றப்படுவதால், ஒரே வினாவுக்கு இரு வேறு விடைகள் நம் மக்களிடையே உலவுவதில் வியப்பில்லை. எனினும், மேற்கண்ட எட்டுச் சாயங்களைப் பொறுத்தவரை இந்தக் கருத்து வேறுபாட்டுக்கு இடமே எழவில்லை. அவற்றின் மூலப்பொருள் தூய்மையான கனிமம். மாற்றம் நிகழ்ந்தாலும் நிகழாவிட்டாலும் அது தூய்மையானதே.

எஞ்சுவது துணைப்பொருள் பற்றிய வினா. தூளாக விற்கப்படும் சாயத்தில் உப்பு, சர்க்கரை போன்றவை கலந்திருக்கும். திரவச் சாயத்திலோ தண்ணீருடன் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் அல்லது எத்தனால் கரைப்பானாக இருக்கக்கூடும். கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். ஆகவே, ஐயம் எழவேண்டிய இடம் சாயமன்று, அதைச் சுமந்து வரும் பொருளே. வழி இருக்கும்போது தூளை வாங்கிக்கொள்வது எளிய பேணுதல்.

இயற்கை என்னும் மயக்கம்

செயற்கைச் சாயம் ஐயத்துக்குரியது, இயற்கைச் சாயம் ஐயமற்றது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தூய்மையைப் பற்றிய வினாவில் உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

120 என்ற எண்ணுடன் வரும் கார்மைன் முழுக்க முழுக்க இயற்கையானது. சப்பாத்திக்கள்ளியில் வாழும் கோச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்திப் பொடித்து அச்சிவப்பை எடுக்கிறார்கள். ஒரு கிலோ சாயத்திற்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் தேவை. இன்று பெரு நாடே அதன் முதன்மையான உற்பத்திக் களம். அச்சாயம் நமக்கு அயலானதுமன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், இப்பூச்சியை வளர்க்கும் நோக்கத்தோடு சென்னையின் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார்.

இதன் சட்டம் என்ன? மாலிக்கீ மத்ஹபு பூச்சிகளை உரிய முறையில் கொல்லப்பட்டால் உண்ணலாம் என்கிறது. ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளில் வெட்டுக்கிளி நீங்கலாகப் பூச்சிகள் அருவருப்பானவை (கபாஇஸ்) என்ற வகையில் விலக்கப்பட்டவை. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 157-ஆம் வசனம் இதற்கு அடிப்படை. ஓடும் இரத்தமில்லாத பூச்சியின் பிணம் ஹனஃபீ மத்ஹபில் அசுத்தமன்று. ஆயினும் அதை உண்ணலாகாது. ஷாஃபிஈ மத்ஹபில் அது அசுத்தமே. தண்ணீரில் விழுந்தால் மன்னிக்கப்படும். பழத்திலோ பாலாடைக் கட்டியிலோ தோன்றும் புழுவை அவற்றோடு சேர்த்து உண்ண ஷாஃபிஈ அறிஞர்கள் அனுமதித்தனர். பிரிப்பது கடினம் என்பதே காரணம். கார்மைன் தானாக உணவில் தோன்றுவதன்று, தேடிச் சேர்க்கப்படுவது. ஆகையால் இச்சலுகையை அதற்கு நீட்டுவது எளிதன்று.

ஷாஃபிஈ மத்ஹபு பரவலாக உள்ள இந்தோனேசியாவில் இவ்விவாதம் இன்னும் முடியவில்லை. அந்நாட்டு உலமா பேரவை 2011-இல் வெளியிட்ட 33-ஆம் எண் ஃபத்வாவில், கோச்சினீல் சாயம் தீங்கற்றதாயின் ஹலால் எனத் தீர்ப்பளித்தது. அப்பூச்சியை வெட்டுக்கிளியோடு ஒப்பிட்டதே அதன் வழி. 2023-இல் கிழக்கு ஜாவாவின் நஹ்ளத்துல் உலமா அறிஞர் குழு, ஷாஃபிஈ மத்ஹபின் பெரும்பான்மைக் கருத்தை எடுத்துக்காட்டி, அது ஹராம் என்று முடிவு செய்தது. ஒரே நாடு, ஒரே மத்ஹபு. இரு முடிவுகளும் அறிஞர்களுடையவை. நம் ஊர்ச் சூழலில் இதைத் தவிர்ப்பதே பேணுதல் என்பது என் கருத்து. ஆனால், உண்டவரைப் பாவி என்று சாடும் உரிமை நமக்கில்லை.

இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் தாவர உலகைச் சேர்ந்தது. ஆனால், அதைத் தூளாக்கும்போது சில ஆலைகளில் ஜெலட்டின் உறை பூசுகிறார்கள். அந்த ஜெலட்டின் மீனிலிருந்தும் மாட்டிலிருந்தும் வரலாம், பன்றியிலிருந்தும் வரலாம். பெயர் கேரட், உறையோ வேறு. செயற்கை டார்ட்ரசினோ தன் மூலத்தில் எந்த விலங்கையும் தொட்டதில்லை. ஆக, ஒரு பொருள் வயலில் விளைந்ததா, ஆலையில் விளைந்ததா என்பது ஹலாலுக்கு அளவுகோலன்று. அவுரிச் செடியிலிருந்து வந்த நீலத்தையும், 1897 முதல் ஜெர்மானிய ஆலை செயற்கையாக ஆக்கி விற்ற நீலத்தையும் தூய்மையின் சட்டம் ஒன்றாகவே பார்க்கிறது.

இரண்டாம் வினா: தீங்கு

தூய்மை வினாவில் தேறிய பொருள் இரண்டாம் வாயிலில் தடுக்கப்படலாம். கல், மண், கண்ணாடி, நஞ்சு ஆகியவற்றை உண்பது விலக்கப்பட்டது என்று ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. இவற்றில் அசுத்தம் எதுவுமில்லை, தீங்கே காரணம். தீங்கும் கூடாது, பதிலுக்குத் தீங்கிழைப்பதும் கூடாது என்னும் கருத்துடைய நபிமொழி இதற்கு மூலவிதி.

இங்கே நம் முன்னோர்களின் நுண்மையைக் காட்டும் ஒரு சான்று குங்குமப்பூ. சாயங்களில் அரசி அது, இயற்கையானது, தூய்மையானது. ஆயினும் பிற்கால ஷாஃபிஈ நூல்கள், மிகுதியான குங்குமப்பூவை மயக்கமும் உணர்விழப்பும் தரும் பொருள்களின் வரிசையில் வைத்து விலக்குகின்றன; அறிவைப் பாதிக்காத சிறு அளவை அனுமதிக்கின்றன. பொருள் ஒன்றே, அளவு மாறினால் சட்டம் மாறுகிறது. இன்றைய நச்சியல் துறை 'அன்றாட ஏற்பளவு' என்று கூறுவதும் இக்கோட்பாட்டின் அருகிலேயே நிற்கிறது.

அவ்வளவு எப்படிச் செயல்படுகிறது என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் இணைந்து அமைத்த நிபுணர் குழு, சன்செட் எல்லோ சாயத்திற்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் என்று 2011-இல் வரையறுத்தது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 60 மில்லிகிராம். சட்டப்படி ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் மட்டும் சேர்த்த இனிப்பில் 600 கிராம் தின்றால்தான் அந்த எல்லை வரும். ஒரு குழந்தை ஒரே நாளில் அவ்வளவு தின்பது அரிது. ஆனால், சமையற்காரர் கண்ணளவாகக் கரண்டியில் அள்ளிப்போட்டு ஐந்து மடங்காக்கிவிட்டால், 120 கிராமிலேயே அந்த எல்லை வந்துவிடும். இரண்டு கரண்டி கேசரி! இவ்வெல்லையில் பாதுகாப்பிடைவெளி மிகுதியாக வைக்கப்பட்டிருப்பதால், ஒருநாள் மீறினால் குழந்தை உடனே நோயுறும் என்பதில்லை. ஆயினும், அளவற்ற கை நாள்தோறும் அளவற்றதாகவே இருக்கும்.

அனுமதிக்கப்பட்ட சாயங்களும் ஆய்வுக்கு அப்பாற்பட்டவை அல்ல. பிரிட்டனில் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, சில சாயங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானங்கள் குழந்தைகள் சிலரிடம் அமைதியின்மையைக் கூட்டியதாக 2007-இல் தெரிவித்தது. அதன்பின் ஐரோப்பிய ஒன்றியம், டார்ட்ரசின், சன்செட் எல்லோ உட்பட ஆறு சாயங்கள் சேர்ந்த உணவுகளின் உறைகளில் எச்சரிக்கை வாசகம் இடம்பெற வேண்டும் என்று 2010 ஜூலை முதல் கட்டாயமாக்கியது, தடை செய்யவில்லை. அமெரிக்கா 2025 ஜனவரியில் எரித்ரோசினுக்கு உணவில் இருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. எலிகளில் அதிக அளவில் கண்ட கட்டியே அதற்குச் சட்டக் காரணம்.

இவற்றை ஃபிக்ஹு மொழியில் எப்படி வைப்பது? உறுதியான அல்லது மேலோங்கிய எண்ணத்தில் (கலபத்துள் ளன்னு) நிலைபெற்ற தீங்கு விலக்கை உண்டாக்கும். வெறும் ஐயம் விலக்கை உண்டாக்காது, விலகி நிற்பதை விரும்பத்தக்கதாக்கும். அந்தத் தீங்கின் தரத்தைச் சொல்ல வேண்டியவர் மருத்துவரும் வேதியியலரும்தாம். மதரஸா ஆசிரியர் அல்லர். அறியாதவர் அறிந்தவரிடம் கேட்கவேண்டும் என்னும் குர்ஆனின் கட்டளை நம்மையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. அவர்கள் கூறும் நிலவரப்படி, அனுமதித்த சாயத்தை அனுமதித்த உணவில் அனுமதித்த அளவில் உண்பது ஆகுமானதே. ஒவ்வாமை உள்ளவருக்கு அதுவே விலக்காகலாம். அது அவருக்கு மட்டும் உரிய சட்டம்.

ஆனால், துணிக்கும் காகிதத்துக்கும் ஆக்கப்பட்ட சாயங்களின் நிலை வேறு. ரோடமின் பி என்னும் ரோஜா நிறச் சாயம் எந்த அளவிலும் உணவுக்கு அனுமதிக்கப்படவில்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் அது கண்டறியப்பட்டதால், புதுச்சேரியும் தமிழ்நாடும் பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தன. அவ்வாண்டிலேயே கர்நாடகம், கோபி மஞ்சூரியன், கபாப் ஆகியவற்றில் செயற்கைச் சாயம் சேர்ப்பதைத் தடுத்தது. மெட்டானில் எல்லோ என்னும் மஞ்சள் சாயமும் இவ்வகையைச் சேர்ந்ததே. இவற்றை அறிந்தே உணவில் சேர்ப்பது ஹராம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. பன்றியின் கொழுப்பு ஒரு துளியும் அதில் இல்லை என்பது அதை ஹலாலாக்கிவிடாது.

மூன்றாம் வினா: ஏமாற்று

நிறம் நாவுக்கன்று, கண்ணுக்கு. ஆகவே அது உண்பவரிடம் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. சொல்வது பொய்யானால் என்ன சட்டம்?

பெருமானார் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்று வியாபாரி கூறியபோது, மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்னும் கருத்தை அறிவித்தார்கள். முஸ்லிம் தொகுப்பில் வரும் இச்செய்தியில் தானியம் அசுத்தமானதன்று, நஞ்சுமன்று. மேற்பரப்பு ஒன்றைச் சொன்னது, உள்ளே வேறொன்று இருந்தது. அவ்வளவே குற்றம்.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுத் தாலிபீன், பாலைக் கறக்காமல் மடியில் தேக்கி விற்கும் 'தஸ்ரியா'வை விலக்கும் இடத்தில், அதனோடு ஒத்தவற்றையும் பட்டியலிடுகிறது. அக்கால அடிமைச் சந்தையில் விற்கப்படுபவரின் கன்னத்தைச் சிவப்பாக்குவதும் தலைமுடியைக் கறுப்பாக்குவதும் அவற்றுள் அடங்கும். வாங்கியவர் உண்மையை அறிந்தால் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை பெறுகிறார். ஆனால், அவர் எழுத்தர் என்று நினைக்கவைப்பதற்காக ஆடையில் மைக்கறை பூசினால், சரியான கருத்தின்படி அவ்வுரிமை இல்லை. மைக்கறையை மட்டும் நம்பி முடிவு செய்தது வாங்கியவரின் கவனக்குறைவே என்பது அதன் விளக்கம்.

இந்த வேறுபாடு நம் சமையலறைக்கு அப்படியே பொருந்துகிறது. கேசரியின் ஆரஞ்சு நிறம் பொடியால் வந்தது என்பதைச் சிறுவரும் அறிவர். அங்கே வழக்கமே (உர்ஃபு) உண்மையைச் சொல்லிவிடுகிறது, ஏமாற்று இல்லை. குங்குமப்பூ பிரியாணி என்று பலகை வைத்து அதற்குரிய விலையையும் வாங்கிக்கொண்டு சாயத்தைத் தூவினால், அது கன்னத்தைச் சிவப்பாக்கிய விற்பனை. தரங்குறைந்த மஞ்சள் தூளுக்கு மெட்டானில் எல்லோ சேர்ப்பதும், பயன்படுத்திய தேயிலையை உலர்த்திச் சாயமேற்றி விற்பதும், பழைய மிளகாய்த் தூளைச் சூடான் சாயத்தால் புதிதாகக் காட்டுவதும் அவ்வாறே. இவற்றில் ஏமாற்றோடு தீங்கும் சேர்ந்துகொள்கிறது. சூடான் சாயம் கலந்த மிளகாய்த் தூள் ஒரு குழம்புச் சாறில் சேர்ந்ததால், 2005-இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது.

இது புதிய நோயன்று. 12-ஆம் நூற்றாண்டில் சந்தைக் கண்காணிப்பாளர்களுக்கென அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூலில், வேகவைத்த கோழி நெஞ்சையும் மாட்டிறைச்சியையும் இழையிழையாகப் பிரித்து, நிறமேற்றி உலர்த்திக் குங்குமப்பூவோடு கலக்கும் வியாபாரிகளைப் பற்றிய எச்சரிக்கை காணப்படுகிறது. அன்றைய முஹ்தஸிபின் பணி, இன்றைய உணவுப் பாதுகாப்பு அலுவலரின் பணி. அவர் மாதிரி எடுக்க வரும்போது முகம் சுளிக்கும் கடைக்காரர், தம் முன்னோர் நாகரிகத்தின் ஒரு நிறுவனத்தைப் பார்த்தே முகம் சுளிக்கிறார்.

எதுவரை துருவுவது?

இவ்வளவையும் படித்தபின் விருந்து வீட்டில் தட்டை ஒதுக்கிவிட்டு, 'என்ன பொடி சேர்த்தீர்கள்?' என்று விசாரிக்கத் தொடங்கினால், அது பேணுதலன்று, வஸ்வாஸ். சிலர் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா எனத் தெரியவில்லையே என்று கேட்கப்பட்டபோது, நீங்கள் பெயர் கூறி உண்ணுங்கள் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் விடையளித்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பயணத்தில் ஒரு நீர்த்தொட்டியை அடைந்தபோது, இதில் கொடிய விலங்குகள் நீர் அருந்துமா என்று உடன் வந்தவர் அதன் உரிமையாளரைக் கேட்க, அதை எங்களுக்குத் தெரிவிக்கவேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் தடுத்த செய்தி முவத்தாவில் உள்ளது.

ஆனால், இச்சலுகை உண்பவருக்கு உரியது. சமைப்பவருக்கும் விற்பவருக்கும் அன்று. அவர்கள் தெரியாது என்று சொல்லித் தப்பமுடியாது. பொட்டலத்தை வாங்கியவர்கள் அவர்களே. நாமோ உண்பவரை அச்சுறுத்திவிட்டு, ஆக்குபவரைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். நான் செய்ததும் அதுவே.

தொகுப்புரை

கனிம மூலத்திலிருந்து ஆக்கப்படும் செயற்கைச் சாயங்கள் தன்னளவில் தூய்மையானவை, ஆகுமானவை. அவற்றின் துணைப்பொருளில் அசுத்தம் உண்டென்று உறுதியானால் விலக்கு. உறுதியாகாவிட்டால் அடிப்படை அனுமதி நீடிக்கும். கார்மைன் போன்றவற்றில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, தவிர்ப்பது நன்று. உணவுக்கென அனுமதிக்கப்படாத சாயமும், அளவு மீறிய சாயமும் தீங்கின் வாயிலால் விலக்கப்படும். தரத்தை மறைக்கும் சாயம், எவ்வளவு தூய்மையானதாயினும் எவ்வளவு தீங்கற்றதாயினும், ஏமாற்றின் வாயிலால் விலக்கப்படும்.

அந்த மிட்டாய்ப் பெரியவரிடம் நான் மீண்டும் சென்றபோது ஓராண்டுக்கும் மேலாகிவிட்டது. மஞ்சள் பொடியில் குற்றமில்லை, அளவோடு சேருங்கள் என்றேன். பிறகு ரோஜாப் பொடியை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். நூலுக்கும் துணிக்கும் சாயம் விற்கும் கடையில் என்றார். எல்லாம் ஒரே சாயந்தானே என்று அவர் எண்ணியிருந்தார். அவர் முகம் மாறியது. "பிள்ளைகள் அந்த ரோஜாவைத்தான் ஹஜ்ரத் அதிகம் கேட்பார்கள்" என்றார். எங்கள் மதரஸாவின் பிள்ளைகள் அவர்கள். என் கையில் இருந்த தாள் மஞ்சளைத் தடுத்தது, ரோஜாவை விட்டுவிட்டது.

அவர் அன்றே அப்பொட்டலத்தை எறிந்துவிட்டார். அடுத்த ஜுமுஆவில், முன்பு தாளை வாசித்த அதே இடத்தில் நின்று, நான் கூறியது தவறு என்று அறிவித்தேன். அதன்பின் அவருடைய கண்ணாடிப் பெட்டியில் மஞ்சள் இருந்தது, பச்சை இருந்தது; அச்சிட்ட டப்பாவில் வாங்கிய சிவப்பும் பின்னர் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் சில நாள்கள் ரோஜாவைக் கேட்டார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.